சகலன் சொல்லாத கியர்

கிளச் இல்லாத வண்டியை முதல்முதல் பார்த்தபோது எனக்கு வந்தது ஆச்சரியமல்ல, அவமானம். பதினொரு வருசம் லொறி ஓட்டிய என் இடதுகாலுக்கு அந்த வண்டியில் ஒரு வேலையும் கிடையாது. என்னைச் சாரதியாக்கியது அந்தக் கால்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

இங்கினியாகலையில் அணை கட்டி முடித்து அமெரிக்கர்கள் மூட்டை கட்டியபோது, அவர்கள் பாவித்த சாமான்களில் சிலவற்றை ஏலம் போட்டார்கள். கல்முனைக்குடியில் அரிசி ஆலையும் இரண்டு கரைவலையும் வைத்திருந்த ஒரு ஹாஜியார் அந்த ஏலத்தில் ஒரு பச்சைப் பிக்கப்பை எடுத்து வந்தார். ஸ்டியரிங் இடப்பக்கம். கியர்க் கம்பி தரையில் இல்லை, ஸ்டியரிங்கின் கழுத்தில் முளைத்திருந்தது. அதற்கு மேலே சின்னக் கண்ணாடிக்குள் நாலு இங்கிலீசு எழுத்துகள்: என், டி, எல், ஆர். கீழே இரண்டே மிதிகள். ஹேண்ட் பிரேக் ஒன்றும் இருந்தது. இழுத்தால் பணிவாகக் கையோடு வரும், எதையும் பிடிக்காது. அதற்குரிய சாமான் கொழும்பிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

அந்த வண்டியின் சாரதி ஆசனம் எனக்கு வேண்டும். எப்படியும் வேண்டும். நான் ஓட்டிய லொறியை அதன் சொந்தக்காரர் பதுளைப் பக்கம் விற்றுவிட்டார். லொறி போனது, நான் மிஞ்சினேன். எங்கள் ஊர் வழக்கப்படி குடியிருந்ததும் பெண்சாதி வீட்டில். மருதமுனையில் அந்த வீட்டின் நடு அறையில் மாமியின் தறி ஓடும். சும்மா இருக்கும் மருமகனை மாமி ஏசமாட்டார். என்னோடு அவர் நேரே கதைப்பதே இல்லை. தறியைப் பார்த்துத்தான் கதைப்பார்.

"நூல் சுத்த ஆளில்லாம தறி பட்டினி கிடக்கு. சில பேர்ர கை ரெண்டும் நல்லாத்தான் இரிக்கி."

இரண்டாம் நாளே நான் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பசறை மலையில் எட்டு டன் நெல்லோடு வளைந்தவன், பெண்களுக்கு நடுவில் காலை நீட்டிக்கொண்டு, ஆண்கள் உடுக்கும் சாரத்துக்கு நூல் சுற்றினேன். பக்கத்து வீட்டு ராத்தா ஒருத்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ட்ரைவர் மச்சான், எத்தினாம் கியர்ல போறீங்க?" என்று கேட்பாள். நாலு மாதம் அந்தக் கேள்வி தினமும் காலையில் வந்தது. சுபஹு பாங்கு பிந்தினாலும் அது பிந்தாது.

எனக்குப் பக்கத்து ராட்டையில் என் சகலன். பெண்சாதியின் தங்கச்சியை முடித்தவன், என்னைவிட ஒரு வயது இளையவன். அதே வீட்டின் மேற்குப் பாதி அவர்களுடையது, கிழக்குப் பாதி எங்களுடையது. அணைக்கட்டு வேலைத்தளத்தில் வண்டி கழுவப் போய், எண்ணெய் போடப் பழகி, கடைசியில் வெள்ளைக்காரரின் வண்டிகளைக் கொட்டிலுக்குள் விட்டு எடுக்கும் வரைக்கும் உயர்ந்தவன். அணை முடிந்தது, அவனும் வீட்டுக்கு வந்தான். இரண்டு மருமகன்மார், இரண்டு ராட்டைகள். நான் வாயால் சுற்றுவேன், அவன் கையால் சுற்றுவான். பின்னேரம் பார்த்தால் அவன் பக்கத்தில்தான் நூல் கூட இருக்கும்.

பிக்கப் வந்த கதை கேட்டதும் நான் அவனுக்குத்தான் பயந்தேன். அந்த மாதிரி வண்டியைத் தொட்டவன் எங்கள் கரையிலேயே அவன் ஒருவன்தான். நான் வாயைத் திறக்க முந்தி அவனே சொன்னான்:

"எனக்கென்ன மச்சான், என்னட்ட லைசனா இரிக்கி? அது ஒனக்கு எழுதின வண்டி. போய் ஹாஜியாரக் காணு. ஓட்டுற மாதிரிய நான் காட்டித் தாறன்."

கண் கலங்கிவிட்டது எனக்கு. அன்றைக்கு அவன் ராட்டைக்கும் சேர்த்து நானே சுற்றினேன்.

ஹாஜியார் என் லைசனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வேற சாதிச் சாமான், தம்பி," என்றார். "மூணு நாள் ஆலை வளவுக்குள்ள ஓட்டிப் பழகு. நாலாம் நாள் வலை இழுக்கிற நேரம் கடக்கரைக்குக் கொண்டு வா. மீன ஏத்தி அம்பாறையில கொண்டுபோய்ச் சேர்த்தா, வண்டித் திறப்பு ஒன்ட கையில, நீதான் ட்ரைவர்."

மூன்று நாளும் சகலன் என் பக்கத்தில் இருந்தான். நெல் காயப்போடும் சீமெந்துக் களம், அதில் ஒரு பச்சை வண்டி, அதற்குள் பாடம்.

"இஞ்ச பார். 'என்' எண்டா சும்மா நிக்கும், புடிக்காது. தள்ளினா போகும். 'டி' எண்டா ஓடும். நீ ஒண்டும் செய்ய வேணாம், கியர அதுவே மாத்திக்கும். 'எல்' எண்டா மெள்ளப் போகும், ஆனா யானை மாதிரி இழுக்கும். மணலுக்கும் ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் அதுதான். 'ஆர்' பின்னுக்கு. கவனம், 'எல்'லுக்கு அடுத்த வீடுதான் 'ஆர்'."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மச்சான்."

முதல் நாள் முழுக்க என் இடதுகால் கேட்கவில்லை. வண்டி கொஞ்சம் வேகம் பிடித்ததும் அது கிளச்சைத் தேடி இறங்கும். அங்கே இருந்தது அகலமான பிரேக். காளை மாட்டை மூக்கணாங்கயிற்றில் பிடித்து இழுத்த மாதிரி வண்டி நிற்கும், என் நெற்றி கண்ணாடியில் போய் முட்டும். ஆலையில் நெல் கிளறிய பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். ஆறாவது முட்டுக்குப் பிறகு சகலன் ஒரு வழி சொன்னான். சஹன் தட்டைச் சுற்றிச் சோறு தின்ன உட்கார்ந்தவன் போல இடதுகாலை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். வண்டி வெண்ணெய் போல ஓடியது. "டி"யில் போட்டுவிட்டு ஒரு கையைக் கதவில் வைத்துக்கொண்டு களத்தைச் சுற்றினேன். கியர் தானாக மாறும்போது ஒரு சின்ன விக்கல் மாதிரித் தெரியும், அவ்வளவுதான். பதினொரு வருசம் நான் பட்ட பாட்டை இந்த இரும்பு ஒரு விக்கலில் முடிக்கிறதே என்று கொஞ்சம் வயிறும் எரிந்தது.

ஒவ்வொரு நாளும் பாடம் முடிந்ததும் சகலன் சொல்வான்: "நீ களைச்சிட்டாய் மச்சான், எறங்கு. நான் கொட்டிலுக்குள்ள உட்டுட்டு வாறன்."

எவ்வளவு மரியாதை என்று நினைத்தேன். பெண்சாதியிடம் போய், "ஒன்ட தங்கச்சி குடுத்து வெச்சவ புள்ள, அவன் தங்கமான மனிசன்," என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நூலை எடுத்துக்கொண்டு போனாள். பெண்களுக்கு என்ன தெரியும் என்று நான் விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு கடற்கரைக்குப் புறப்பட்டோம். வலப்பக்க ஆசனத்தில் ஹாஜியார், வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சாரமும் வெள்ளைத் தொப்பியுமாக. பின்பெட்டியில் சகலன். "நான் பின்னால நிக்கிறன், பயப்புடாத," என்று தோளில் தட்டிவிட்டு ஏறியிருந்தான்.

கரையில் நூறு பேராவது இருப்பார்கள். வலையின் மடி கரைக்குக் கிட்ட வந்துவிட்டது, உள்ளே கீரி மீன் துள்ளுவது தெரிந்தது. தோணியை இறக்குவதற்குப் போட்ட தென்னங்குற்றிகளை அகற்றி, அந்த இடத்தில் எனக்காகப் பலகை பரப்பியிருந்தார்கள். கரை மேட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் நல்ல சரிவு. நான் கம்பியை "எல்"லுக்குத் தட்டினேன். பிஸ்மி சொல்லிக்கொண்டு இறக்கினேன். வண்டி உறுமிக்கொண்டு, புதுமாப்பிள்ளை நடக்கிற மாதிரி அடி அடியாக இறங்கியது. சனம் வழிவிட்டது. ஹாஜியார் தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலில் என் ராட்டை தூள்தூளாகிப் போனதை நான் கண்ணால் கண்டேன்.

பாதிச் சரிவில், கடலைப் பார்த்தபடி நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன்.

இனி நான் செய்ததை எந்த லொறிக்காரனும் செய்வான். ஹேண்ட் பிரேக் பிடிக்கும் லொறி ஒன்றை நான் என் சீவியத்தில் ஓட்டியதில்லை. சரிவில் நிறுத்தினால் எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டுவிட்டு இறங்குவோம். எஞ்சின் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும், மலையே அசைந்தாலும் லொறி அசையாது. இந்த வண்டியில் முதல் கியர் என்றால் "எல்"தானே? கம்பி "எல்"லில்தான் இருந்தது. நான் நிம்மதியாக இறங்கினேன்.

வண்டி நின்றதும் முதல் ஆளாகக் குதித்தவன் சகலன். குதித்து, வலைச் சாமான் வைக்கும் வாடியின் நிழல் வரைக்கும் போய் நின்றான். மீன் ஏற்ற வந்தவன் எதற்கு அவ்வளவு தூரம் போகிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என்னைச் சுற்றிச் சனம் கூடியிருந்தது. சனம் கூடினால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

"கிளச் இல்லாம எப்புடிகா ஓடுது?" என்று என்னைவிட மூத்த வலைக்காரர் ஒருவர் கேட்டார்.

நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரசங்கம் தொடங்கினேன். "காக்கா, இதுக்கு மூளை இரிக்கி. நாம நெனைக்க முந்தி அது நெனச்சிரும். நிக்கச் சொன்னா நிக்கும்..."

வலைக்காரரின் கண் என் முகத்தை விட்டு மெள்ள விலகி என் தோளுக்குப் பின்னால் போனது. "அப்ப போகச் சொன்னது ஆரு?" என்றார்.

திரும்பினேன். என் வண்டி போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. அதுவரை பலகை இடுக்கில் தங்கியிருந்த சக்கரம் விடுபட்டு, பலகையின் மேல் வழுக்கிக்கொண்டு, கடலைப் பார்த்து, பெரிய அவசரம் ஒன்றும் இல்லாமல். பின்கண்ணாடிக்குள் ஹாஜியாரின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அவர் இறங்கவே இல்லை. நான்தான் பின்னால் இருந்து ஏதோ வித்தை காட்டுகிறேன் என்று நினைத்தாராம், பிறகு சொன்னார்.

"யா அல்லாஹ், ஹாஜியார் போறாரு!" என்று கத்தினேன். முதலில் ஓடிப்போய்ப் பின்பலகையைப் பிடித்து இழுத்தேன். ஒரு டன்னுக்கு மேல் கனத்த இரும்பை இரண்டு கையால் நிறுத்தப் பார்த்த மனிதன் எங்கள் கரையில் நான் ஒருவன்தான். அது என்னையும் பத்து யார் தூரம் இழுத்துக்கொண்டு போனது. சாரம் கழன்றது. ஒரு கையால் சாரத்தைப் பிடித்தேன், மறுகையால் வண்டியைப் பிடித்தேன். எதைப் பிடிப்பது என்று அந்த நேரத்தில் யோசித்த வெட்கங்கெட்டவனும் நான்தான்.

பிறகு புத்தி வந்து, முன்னுக்கு ஓடிக் கதவைத் திறந்து, பாய்ந்து ஏறிச் சாரதி ஆசனத்தில் உட்கார்ந்து, பிரேக்கை ஓங்கி மிதித்தேன்.

மிதி இல்லை. ஸ்டியரிங்கும் இல்லை. ஆசனம் மெத்தென்று சூடாக இருந்தது.

பதினொரு வருசப் பழக்கம் என்னை வலப்பக்கக் கதவுக்குத்தான் கொண்டுபோயிருந்தது. நான் உட்கார்ந்திருந்தது ஹாஜியாரின் மடியில். ஓங்கி மிதித்தது அவருடைய பெருவிரலை. அவர் என் காதுக்குள் கேட்டார், கோபம்கூட இல்லை, உண்மையாக அறிய ஆசைப்பட்டவர் மாதிரி:

"தம்பி, நீ என்னத்துக்கு இஞ்ச வந்தாய்?"

அப்போது முதல் அலை வந்து கண்ணாடியில் அடித்தது. சாகப்போகிறவன் போல நான் கலிமாச் சொன்னேன். சத்தமாக, ஹாஜியாருக்கும் சேர்த்து. தண்ணீர் முழங்கால் அளவுதான் என்பது பிறகுதான் தெரியவந்தது.

வலைக்காரர்கள் வலையின் மறுகயிற்றைக் கொண்டுவந்து வண்டியின் பின்னால் கட்டினார்கள். மீனுக்குப் போடும் அதே சத்தம் போட்டு எங்களை இழுத்தார்கள். முதலில் கரைக்கு வந்தது வலையா நாங்களா என்று இன்றைக்கும் அங்கே தர்க்கம் உண்டு. என்னை ஹாஜியாரின் மடியிலிருந்து தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நான் அவரைக் கட்டிப் பிடித்திருந்தேனாம்.

அப்போதுதான் வாடியின் நிழலிலிருந்து சகலன் வந்தான். ஓடவில்லை, நடந்து வந்தான். முன்மூடியைத் திறந்து சால்வையால் துடைத்தான். இடக்கதவால் ஏறி வண்டியைக் கிளப்பினான். மேட்டைப் பார்க்கத் திருப்பி, "எல்"லில் போட்டுப் பாதி ஏற்றி, நான் நிறுத்திய அதே சரிவில் நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். பிறகு இரண்டு விரலால், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற லேசில், கம்பியை "ஆர்" வரைக்கும் நகர்த்தினான். உள்ளே எங்கேயோ "டொக்" என்று ஒரு சத்தம். இறங்கி வந்தான். வண்டி சரிவில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

எஞ்சின் ஓடும்போது "ஆர்" பின்னால் போகும். எஞ்சினை அணைத்துவிட்டு அதில் போட்டால், உள்ளே ஒரு இரும்புப் பல் வந்து கவ்விச் சக்கரத்தைப் பூட்டிவிடும். "எல்" ஒன்றையும் பூட்டாது. வெள்ளைக்காரன் செய்த வேலை அப்படி. எனக்கு அது அந்த "டொக்"கில் விளங்கியது. மூன்று நாளும் பின்னேரத்தில் "நீ களைச்சிட்டாய், எறங்கு" என்று அவன் சொன்னதும் அதோடு சேர்ந்து விளங்கியது. கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன், வாயில் ஒரு சொல் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் அதைத்தான் பெரிய அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள்.

ஹாஜியாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தார். "மீன் கெட்டுப் போகும். ஆராவது அம்பாறைக்கு ஓட்டணும்," என்றார். சகலனைப் பார்த்து, "ஒன்னட்ட லைசன் இரிக்கா?"

அவன் சேட்டுப் பையிலிருந்து எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து விரித்தான். லைசன். அன்றைக்கு அந்தக் கரையில் நனையாமல் இருந்த ஒரே சாமான் அதுதான்.

மீனோடு பிக்கப் போனது. கல்முனைக்குடியிலிருந்து மருதமுனை வரைக்கும் நான் நடந்தேன். வழியில் சாரம் காய்ந்துவிட்டது. வேறொன்றும் காயவில்லை.

மறுநாள் காலையில் கிணற்றடியில் அவனைப் பிடித்தேன். பல் தீட்டிக்கொண்டு நின்றான்.

"ஏன்டா சொல்லல்ல?"

"என்னத்த மச்சான்?"

"அந்த 'ஆர்'ர."

கொப்பளித்துத் துப்பினான். "நீ கேக்கல்லையே."

"கேட்டனேடா! அவ்வளவுதானா எண்டு வாயத் தொறந்து கேட்டன்!"

"அது ஓட்டுறதுக்குக் கேட்டது. நிப்பாட்டுறத நீ கேக்கவே இல்லையே, மச்சான்."

"லைசன்?"

"இரிக்கா எண்டு ஆரும் கேக்கல்ல. இரிக்கா எண்டு நான்தான் ஒன்னட்டக் கேட்டன்."

சரிதான். அவன் "என்னட்ட லைசனா இரிக்கி?" என்று கேட்டிருந்தான். இல்லை என்று அவன் சொல்லவே இல்லை. அவனுக்காக அந்த "இல்லை"யைச் சொல்லிக்கொண்டவன் நான். வாளியைத் தூக்கி அவன் தலையில் போடலாமா என்று பார்த்தேன். அது நிறையத் தண்ணீர் இருந்தது, தூக்க முடியவில்லை. அவன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது திரும்பினான். அந்த நேரம் அவன் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது.

"ஹாஜியார் எறங்குவார் எண்டுதான் நான் நெனச்சன்," என்றான்.

அது எனக்குப் போதும். அது வாக்குமூலம். நேரே ஆலைக்கு நடந்தேன். ஹாஜியார் பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு கணக்கப்பிள்ளையின் கதிரையில் இருந்தார். ஆதியோடந்தமாகச் சொன்னேன்: மூன்று நாள் பாடம், கொட்டில், வாடி நிழல், லைசன், கடைசியாகக் கிணற்றடியில் அவன் சொன்ன சொல். "ஒங்கள எறங்கவிட்டுட்டு வண்டியக் கடலுக்கு அனுப்பப் பார்த்தவன் ஹாஜியார். எல்லாத்தையும் தெரிஞ்சிக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு நிண்டவன்!"

ஹாஜியார் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"மூணு நாளும் ஒன்னோடதான் இருந்தானா?"

"ஓம் ஹாஜியார்."

"ஒரே வீட்டிலதான் நீங்க ரெண்டு பேரும்?"

"ஓம். ஒரே கிணறு, ஒரே வாசல்."

"அப்ப பொஞ்சாதிக்கும் சொல்லியிருக்க மாட்டான். சொன்னா ஒன்ட காதுக்கு வந்திருக்கும்." தலையை ஆட்டினார். கடற்கரையில் எனக்கு ஆட்டிய அதே ஆட்டல், அதைவிடக் கொஞ்சம் ஆழமாக. "தம்பி, மீன் ஏவாரம் எண்டா வாய்தான். எந்தக் கரையில எத்தினை பெட்டி பட்டது, அம்பாறையில ஆருக்குக் குடுக்கிறம் எண்டது வெளிய போனா நான் முடிஞ்சன். நீ நல்ல மனிசன். ஆனா தேத்தண்ணிக் கடையில நாலு பேரக் கண்டா என்ட ஏவாரத்தையே விரிச்சு வெச்சிருவாய். இவ்வளவு பெரிய காரியத்த மூணு நாள் வாய்க்குள்ள வெச்சிருந்தவன், என்ட காரியத்தையும் வெச்சிருப்பான்."

துரோகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை நற்சாட்சிப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார். அவனுக்காக அதை எழுதிக் கொடுத்தவனும் நானே.

வீட்டுக்கு வந்தேன். மாமி தறியில் இருந்தார். எல்லாம் அவர் காதுக்கு வந்திருந்தது. என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தறியிடம்கூட. சகலனின் ராட்டையை மட்டும் யாரோ சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். அவனுடைய நூலும் என் பக்கத்தில் குவிந்து கிடந்தது. உட்கார்ந்தேன்.

பகல் சோற்றுக்குப் பெண்சாதியின் தங்கச்சி மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு கோப்பைக் குழம்பைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள். கீரி மீன் ஆணம். அந்தப் பிக்கப்பில் வந்த மீன். தின்ன மாட்டேன் என்றேன். சத்தமாகவே சொன்னேன், மேற்குப் பக்கத்துக்குக் கேட்கட்டும் என்று.

பெண்சாதி சோற்றைப் போட்டு, அதன் மேல் ஆணத்தை ஊற்றினாள். "நேத்துப் பகலுக்குப் பொறகு ஒண்டும் தின்னல்ல நீங்க. கோவம் மீனோடையா?"

ஒரு வாய் வைத்தேன். கொறுக்காப்புளி போட்டு, உறைக்கிற பச்சைக் கொச்சிக்காய் கீறிப் போட்டு வற்றவைத்த ஆணம். மனம் ஒரு பக்கம் அவனைச் சபித்துக்கொண்டிருந்தது, நாக்கு இன்னொரு பக்கம் போய்விட்டது. அன்றைக்கு என்னைக் கைவிட்டவர்களின் வரிசையில் என் நாக்குத்தான் கடைசியாகச் சேர்ந்தது.

"இன்னும் ரெண்டு மீன் போடு," என்றேன், மெதுவாக, மேற்குப் பக்கத்துக்குக் கேட்காமல்.